பொறவு பாக்கலாம்

1

போன மாதத் தமிழ்ப் பூசை முடிந்து, கோயிலை ஒட்டிய ஹாலில் எல்லோரும் டீக் கப்போடு நின்றிருந்தோம். வட இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரம் இது. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் இங்கே தமிழில் பூசை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கன்னியாகுமரி மாவட்டம் என்று பார்த்தால் நான், என் மனைவி ஸ்டெல்லா, மகள் ஏஞ்சலின். அவ்வளவுதான்.

ரெஜினா அக்கா கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"எல்லாரும் ஒருக்கா கேளுங்கோ. என்ர கேக் வியாபாரத்துக்கு வெப்சைட் வருது. தம்பிதான் செய்யிறார். அதிலையே ஓடர் குடுக்கலாம், அதிலையே காசு கட்டலாம். தமிழிலையும் வாசிக்கலாம். திறந்த உடனை மாதா பாட்டுக் கேக்கும். அடுத்த பூசை முடிய ஃபாதர் மந்திரிச்சுத் துவக்கி வைப்பார்."

எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்" என்றார். அக்கா சொன்னதில் ஒன்றைக்கூட நான் செய்து தருவதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் 'மாட்டேன்' என்றுதான் சொல்லியிருந்தேன். அதாவது, சொல்லியிருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

ரெஜினா அக்கா யார் என்று சொன்னால்தான் நான் ஏன் இப்படிக் கிடந்து தவித்தேன் என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கும்.

ஸ்டெல்லா நர்ஸ். அவள் வேலைக்குத்தான் நாங்கள் இங்கே வந்தோம். அவளுக்குத் துணையாக வந்தவன் நான். காலையில் ஒரு சாமான் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து, சமையல்கட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்கிறேன். பிளஸ் டூவும், கோட்டாற்றில் படித்த கொஞ்சம் கம்ப்யூட்டரும்தான் என் படிப்பு. முடிவெட்டுகிறவர், குழாய் பழுது பார்க்கிறவர், நாயைக் குளிப்பாட்டி விடுகிறவர், இப்படிப்பட்டவர்கள்தான் என்னிடம் வருவார்கள். ஆண்டவர் கிருபையால் குறை இல்லாமல் போகிறது.

ஆனால் பேச்சுக்கு ஆள் இல்லை. ஸ்டெல்லா டியூட்டி முடிந்து வரும்போது நான் கிட்டங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். நான் வரும்போது அவள் தூங்குவாள். மகளுடைய அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். மூன்று பேர் உள்ள வீட்டில் சில நாள் நான் வாய்திறந்து ஒரு தமிழ் வார்த்தை பேசுவது செபமாலை சொல்லும்போது மட்டும்தான்.

நாங்கள் வந்த புதிதில், பூசை முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல மழை. முன்பின் தெரியாத ஒரு அம்மா எங்கள் முன்னால் வந்து நின்று, "உந்த மழைக்குள்ள ஏன் நிக்கிறியள்? வாங்கோ, சோறு கிடக்கு" என்றார். அவர்தான் ரெஜினா அக்கா. அவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில் ஒரு கடற்கரை ஊர், நான் பிறந்ததும் கடற்கரை ஊர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் வேறு நாட்டில். வீட்டிலேயே கேக் செய்து கொடுத்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிறார். அன்றில் இருந்து தமிழ்ப் பூசை நாளில் எங்களுக்கு மத்தியானச் சோறு அவர் வீட்டில்தான். சாப்பிட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், மீன் விலையில் இருந்து மாதா சுரூபத்துக்கு உடுத்துகிற சேலை வரைக்கும் பேசிக்கொண்டிருப்போம்.

அந்த வீடு போய்விட்டால் எனக்கு இந்த நாட்டில் உட்கார்ந்து பேச இன்னொரு வீடு கிடையாது.

3

அக்கா வெப்சைட் கேட்டபோது பேசிக்கொண்டது நான்கே நான்கு பக்கம். முகப்பு, கேக் படங்கள், அக்காவைப் பற்றி நாலு வரி, போன் நம்பர். நான் முதல் வாரத்திலேயே பாதி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் போன் வர ஆரம்பித்தது.

"தம்பி, படம் பாக்கிற சனம் அதிலையே ஓடரும் குடுத்துக் காசும் கட்டினால் நல்லமெல்லே?"

"பொறவு பாக்கலாம் அக்கா."

"சந்தோசம் தம்பி."

அடுத்த வாரம்: "தம்பி, பிள்ளையள் இங்கிலீசில வாசிக்கும். தாய்தேப்பன் என்ன செய்யிறது? தமிழிலையும் போடுவமே?"

"பொறவு பாக்கலாம் அக்கா."

"நல்லது, நல்லது. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்."

அதற்கு அடுத்த வாரம் மாதா பாட்டு. அதற்கும் நான் அதையேதான் சொன்னேன். அதற்கும் அவர் சந்தோசப்பட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'பொறவு பாக்கலாம்' என்று கேட்ட பிறகு சந்தோசப்படுகிற மனிதனை நம் பக்கம் எங்கேயாவது பார்த்ததுண்டா?

நான் தொழில் படித்தது கோட்டாற்றில் ஒரு அச்சகத்தில். கல்யாணக் கார்டு வடிவமைக்கிற வேலை. பேசின வேலை தினமும் வளர்வது என்றால் என்னவென்று நான் கண்டது அங்கேதான். அஞ்சுகிராமத்தில் இருந்து ஒருவர் மகன் கல்யாணக் கார்டைப் பார்க்க வந்து, கம்ப்யூட்டருக்குள் தலையை விடாத குறையாக நின்றார்.

"ஏலே மக்கா, எங்க சின்ன மாமனுக்க பேரு எங்கலே?"

"எடமில்ல அண்ணாச்சி. இப்பவே மாப்பிள பேரு சின்னதாப் போச்சு."

"மாப்பிள சின்னதாப் போனா ஒண்ணுமில்ல. மாமன் சின்னதாப் போனா கல்யாணமே நடக்காது, பாத்துக்க. அவருக்க படத்தையும் ஒரு மூலையில வச்சிரு."

எங்கள் முதலாளி பேப்பர் எண்ணிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "பொறவு பாக்கலாம்."

வந்தவர் திரும்பி அவரைப் பார்த்தார். "அப்ப வைக்க மாட்டீருன்னு சொல்லுதீரு."

"நான் எப்ப ஓய் அப்பிடிச் சொன்னேன்?"

"செரி செரி. ஒரு டீயாவது சொல்லும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமனின் படம் அத்தோடு முடிந்தது. யாருக்கும் முகம் கறுக்கவில்லை. நம் ஊரில் 'இல்லை' என்பதை அப்படித்தான் கொடுப்போம், வாங்குகிறவனும் அப்படித்தான் வாங்குவான். ஒரே தமிழ்தான், ஒரே வேதம்தான், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் 'பிறகு' என்றால் பிறகு என்றே அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

4

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா டியூட்டிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். ஹாலில் நடந்ததைச் சொன்னேன். அவள் குழித்துறைப் பக்கத்துக்காரி. பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"நீங்க அவங்ககிட்ட என்னவாக்கும் பறஞ்சது?"

"பொறவு பாக்கலாம்னு."

"போச்சு. அவங்களுக்கு அது செஞ்சு தாறேன்னு சொன்ன மாதிரியாக்கும். எனக்க கூட வேல செய்யுத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகிட்ட டியூட்டி மாத்துத காரியத்துல நானும் இப்பிடி மாட்டுனேன். அவளுக்குப் பதிலா நான் வருவேன்னு எனக்க பேர எழுதிக் குடுத்து லீவு போட்டுட்டா."

"ஏட்டி, இத முன்னமே சொல்லாண்டாமா?"

"நீங்க கேக்காண்டாமா? இல்லன்னு நேரா ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க."

"சோறு போட்ட கை இல்லியா."

"அதுக்கு? சோறு போட்டவங்கள பத்துபேருக்கு முன்ன நாணங்கெட வைக்கலாமா?"

படிக்கட்டில் இருந்து மகள் குரல் வந்தது. "ஜஸ்ட் சே நோ, அப்பா."

ஏஞ்சலினுக்கு அது எளிது. ரெஜினா அக்கா தட்டில் மீனை அள்ளி வைக்கும்போது "நோ தேங்க்ஸ் ஆன்ட்டி" என்பாள். அக்கா சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார். நான் அப்படிச் சொன்னால் வேறாக இருக்கும். எனக்கும் இங்கிலீஷில் என்றால் கஷ்டம் இல்லை. நாய் குளிப்பாட்டுகிற அம்மா கூடுதலாக ஒரு பக்கம் கேட்டால், இது பேசினதில் இல்லை, வேண்டுமென்றால் தனியாகப் பேசலாம் என்று மெயில் போட்டுவிடுவேன். அந்த அம்மாவும் 'ஃபேர் இனஃப்' என்று பதில் போடுவார். அந்த 'நோ' என் வயிற்றில் இருந்து வருவதில்லை, விரலில் இருந்து வருவது. தமிழில் சொல்லும்போதுதான் நெஞ்சு அடிக்கிறது.

இந்த நாட்டுக் காரியங்கள் எல்லாம் அப்படித்தான். விசா புதுப்பிக்கிற விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் நான்தான் நிரப்புவேன். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்' ஒரு கட்டம், 'இல்லை' ஒரு கட்டம். நம் ஊர்க்காரனுக்கென்று மூன்றாவதாக ஒரு கட்டம் வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

அன்று செபமாலைக்கு மனம் நிற்கவில்லை. ஊரோடு போய்ச் சேர வேண்டும், பிள்ளை தமிழில் ஒரு செபமாவது சொல்ல வேண்டும் என்று எத்தனையோ காலமாக மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. மாதாவும் எனக்கு 'பொறவு பாக்கலாம்' என்றுதான் சொல்கிறாளோ? சொன்னால் அது எந்த ஊர்த் தமிழில்? இப்படியெல்லாம் யோசித்து, பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

5

நேரில் சொல்ல வாய் வராது. அதனால் வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'முடியாது' என்று எழுதினால் முகத்தில் கதவை அடைத்த மாதிரி இருந்தது. அழித்தேன். அக்கா வாயில் அடிக்கடி வருகிற ஒரு சொல் ஞாபகம் வந்தது. அவர்கள் முடியாது என்பதை 'ஏலாது' என்பார்கள். கேட்கவும் மெதுவாக இருக்கிறது. அவர் தமிழிலேயே சொல்லிவிடலாம் என்று எழுதினேன்: "அக்கா, எனக்கு இனி ஏலாது. மன்னிக்கணும்."

அனுப்பின உடனே போன் அடித்தது. ஏசப்போகிறார் என்று எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அது நின்று போனதும், வீடு இன்னும் அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். வாசல் மணி. மகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினாள்: "அப்பா, ரெஜினா ஆன்ட்டி!"

இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கோட்டில் மழைத் தண்ணீர் வடிகிறது. கையில் ஒரு பிளாஸ்க். வந்ததும் வராததுமாக என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சலும் இல்லை. என்ன செய்யுது தம்பி? நெஞ்சு நோவோ? போனை எடுக்காமல் என்னைப் பயப்படுத்திப் போட்டியள். கொத்தமல்லி அவிச்சுக் கொண்டந்தனான், சூட்டோட குடியுங்கோ."

"எனக்கு ஒண்ணுமில்லியே அக்கா."

"ஏலாது எண்டு எழுதினனீங்கள்?"

அப்போதுதான் விளங்கியது. அவர்கள் உடம்புக்குச் சுகமில்லை என்பதற்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். தவறான சொல்லை எடுத்துக் கொடுத்து, ஒரு வயசான பெண்பிள்ளையை மழையில் அலைய விட்டிருக்கிறேன். மகள் மேலே போகாமல் படியிலேயே நின்று, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லுங்கள் என்கிறாள்.

"அக்கா, உடம்புக்கு இல்ல. அந்த வெப்சைட். பேசின நாலு பக்கம் முடிஞ்சுது. மத்தது நான் செய்ய மாட்டேன். காசு வாங்குத வேல எனக்குத் தெரியாது. தப்பாப் போனா உங்க பேருதான் கெடும். அதுக்குன்னு ஆளு இருக்கு. பாட்டும் தமிழும் செய்யணும்னா நான் வேற வேல எல்லாம் விடணும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப பிறகு செய்து தாறன் எண்டது?"

"அப்பிடிச் சொல்லல அக்கா. பொறவு பாக்கலாம்னு சொன்னேன்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"எங்க ஊருல அப்பிடின்னா இல்லன்னு அர்த்தம்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "உதென்ன ஊர் தம்பி? இல்லை எண்டுறதுக்கு ஒரு சொல் இல்லாத ஊர்?"

"இருக்கு அக்கா. வீட்டு ஆளுககிட்ட சொல்லுவோம். வெளியாளுககிட்டதான் சொல்ல மாட்டோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அக்கா பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்தார், திருகி மூடினார்.

"அப்ப நான் வெளியாள்."

"அக்கா, நான் அப்பிடி…"

"இத்தனை வருசமா என்ர வீட்டில சாப்பிடுறியள். கறி நல்லா இருக்கு, நல்லா இருக்கு எண்டுறியள். அதுவும் உப்பிடித்தானோ?"

இதற்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். 'இல்லவே இல்ல அக்கா' என்று வாய்வரை வந்தது. ஆனால் இனி நான் என்ன சொன்னாலும் அவர் அதை எந்தத் தமிழில் எடுத்துக்கொள்வார் என்று ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார். எழுந்து கோட்டின் பொத்தானைப் போட்டார்.

"கொத்தமல்லி கிடக்கு. வருத்தம் இல்லாட்டிலும் குடிக்கலாம்." நோயைத்தான் அவர்கள் வருத்தம் என்பார்கள்.

பஸ் வரைக்கும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நேராக, ஒரே சொல்லில்.

6

அதற்குப் பிறகு போன் வரவில்லை. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு புது வேலை சொல்லி வந்த அந்தப் போனை நான் எரிச்சலோடு எடுத்த நாட்கள் உண்டு. இப்போது பெட்டி அடுக்கும்போதுகூடச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நான்கு பக்கத்தையும் என்னால் முடிந்த அளவுக்கு நன்றாகச் செய்தேன். எது இருக்கிறது, எது இருக்காது என்று தெளிவாக எழுதி அனுப்பினேன். நல்லபடியாக எழுதியிருந்தேன், ஆனால் ஒரு இடத்திலும் சுற்றிவளைக்கவில்லை. ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்கிற 'ஓம்', அந்த ஒரு சொல் பதிலாக வந்தது. அவ்வளவுதான். கிட்டங்கியில் கூட வேலை செய்கிற போலந்துக்காரர், உடம்பு சரியில்லையா என்று சைகையில் கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்று சைகையில் சொன்னேன்.

தமிழ்ப் பூசை நாள் வந்தது. ஸ்டெல்லாவுக்கு டியூட்டி. மகள் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். பூசைக்கு வா மக்ளே என்றேன். "நோ, அப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் தனியாகப் போனேன்.

பூசை முடிந்து ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். ஃபாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். லேப்டாப்பில் படாமல் பார்த்துத் தெளித்தார், நல்ல மனிதர். அக்கா ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். பின்னால் இருந்து ஒரு குரல்: "பாட்டு எங்கை அக்கா?" இன்னொரு குரல்: "ஓடர் குடுக்கிறது எதில?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதெல்லாம் இல்லை" என்றார் அக்கா. "நான்தான் கூடுதலாச் சொல்லிப் போட்டன். போன் நம்பர் கிடக்குத்தானே, அடியுங்கோ. நான் என்ன ஊமையே?"

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் அங்கேயே போனில் திறந்து கேக் படங்களைப் பார்த்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

நாற்காலிகளை மடக்கி அடுக்கினேன். வழக்கமாக இந்த நேரத்துக்கு "வாங்கோ, சோறு ஆறுது" என்று கூப்பிட்டிருப்பார். இன்று கூப்பிடவில்லை. கடைசி நாற்காலியையும் அடுக்கிவிட்டு, வேறு வேலை இல்லாததால் அதையே இன்னொரு தரம் சரிசெய்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஸ்டெல்லா?"

"டியூட்டி அக்கா."

"பிள்ளை?"

"கூப்பிட்டேன். வரலன்னுட்டா."

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பிறகு, "நீங்கள் சாப்பிட வாறியளோ, இல்லையோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ" என்றார்.

"வாறேன்."

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். வீட்டில் இரண்டு தட்டு வைத்தார். நாம் நெய்மீன் என்பதை அவர்கள் அறக்குளா என்பார்கள், அந்தக் குழம்பு. எனக்குப் பரிமாறிவிட்டு உட்காராமல், அகப்பையோடு நின்றார்.

"எப்பிடி இருக்கு?"

முன்பெல்லாம் முதல் வாய் தொண்டையில் இறங்கும் முன்பே பதில் சொல்லிவிடுவேன். இன்று மென்று, விழுங்கி, இன்னொரு வாயும் எடுத்துப் பார்த்தேன்.

"உப்பு கூடிப்போச்சு அக்கா."

அவர் சட்டியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"ஓம். கூடித்தான் போச்சுது."

சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றி, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுக் கலக்கினார். சூடு வந்ததும் இறக்கிக்கொண்டு வந்து, என் தட்டில் வெறுஞ்சோறு இன்னும் ஒரு அகப்பை வைத்து, மேலே குழம்பை ஊற்றினார். எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"காணுமோ?"

அப்படியென்றால் போதுமா என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"காணாது" என்றேன்.